சமயக் கதைகளைப் பற்றிக் கேள்வி கேட்பது எப்படி: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூருக்கு வேலைக்காகவோ படிப்புக்காகவோ திருமணமாகியோ வந்து சேரும் தமிழர்களுக்கு இங்குள்ள உறவினரும் நண்பரும் முதல் வாரத்திலேயே சொல்லிவைக்கும் அறிவுரைகளில், "யாரிடமும் சாமி, சமயம் பற்றி வாயைத் திறக்காதே" என்பதும் ஒன்று. அக்கறையில் பிறந்த அந்த அறிவுரையை அப்படியே கடைப்பிடிப்பவர்களுக்குச் சண்டை வராது என்பது உண்மைதான். ஆனால் ஒரே தளத்தில் பல ஆண்டுகள் குடியிருந்தும், எதிர்வீட்டுச் சீன மூதாட்டி சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் யாருக்காக ஊதுபத்தி ஏற்றுகிறார் என்பதும், உடன் வேலை செய்யும் முஸ்லிம் நண்பர் ஹஜ்ஜுப் பெருநாளில் எந்த நிகழ்வை நினைவுகூர்கிறார் என்பதும் தெரியாமலேயே அவர்கள் இருந்துவிடுகிறார்கள். சமயக் கதைகளைப் பற்றிக் கேள்வி கேட்பது தன்னளவில் யாரையும் அவமதிப்பதாகாது என்பதே என் நிலைப்பாடு. அவமதிப்பு எங்கே தொடங்குகிறது, அதற்கு இப்பால் நின்று கேட்பது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

கேட்பதற்கு முன்: உங்களைச் சுற்றி இருப்பவர்கள்

தமிழ்நாட்டில் இந்துவாக வளர்ந்த ஒருவருக்குத் தம் வீட்டுக் கதைகள் ஊருக்கே பொதுவானவை என்ற எண்ணம் இயல்பாகவே இருக்கும். இங்கே அந்த எண்ணத்தை முதலில் இறக்கிவைக்க வேண்டும். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் பௌத்தர்கள் 31.1 விழுக்காடு, எந்தச் சமயத்தையும் சாராதவர்கள் 20 விழுக்காடு, கிறிஸ்துவர்கள் 18.9 விழுக்காடு, முஸ்லிம்கள் 15.6 விழுக்காடு, தாவோ சமயத்தார் 8.8 விழுக்காடு, இந்துக்கள் 5 விழுக்காடு. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்தாலும் இந்துக்கள் பாதிக்குச் சற்றுக் கூடுதலானவர்களே. முஸ்லிம்களும் கிறிஸ்துவர்களும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறார்கள். ஆகவே தமிழில் பேசுகிறார் என்பதாலேயே ஒருவர் உங்கள் கதைகளை நம்புகிறவர் என்றோ, அவற்றைக் கேள்வி கேட்க உங்களோடு சேர்ந்துகொள்வார் என்றோ எடுத்துக்கொள்ள முடியாது. சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயிலும், சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் 1826இல் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசலும் ஒரே சாலையில் சிறிது நடைதொலைவில் நிற்கின்றன. இரண்டையும் எழுப்பியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களே.

இங்குள்ள மூத்தவர்கள் இந்தப் பேச்சில் காட்டும் எச்சரிக்கைக்கு அனுபவமே காரணம். 1950 டிசம்பரில், கிறிஸ்துவப் பெற்றோருக்குப் பிறந்து முஸ்லிம் வளர்ப்புத் தாயிடம் வளர்ந்த மரியா ஹெர்டோக் என்ற சிறுமியை யாரிடம் ஒப்படைப்பது என்ற வழக்கையொட்டி எழுந்த கலவரத்தில் 18 பேர் இறந்தார்கள். 1964 ஜூலை 21ஆம் தேதி நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது தொடங்கிய கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள். அந்த ஜூலை 21ஆம் நாளைத்தான் பள்ளிகள் இன நல்லிணக்க நாளாகக் கடைப்பிடிக்கின்றன.

அதே நேரத்தில், கேள்வி கேட்கும் மரபும் இங்குள்ள தமிழர்களுக்குப் புதிதன்று. பெரியார் 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பயணம் மேற்கொண்டார். 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் இங்கே தோன்றியது. அதில் முன்னின்ற கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசு இதழைத் தொடங்கினார். சாதியையும் சடங்குகளையும் பற்றிய கேள்விகள் அன்றே மேடையேறிவிட்டன. எனவே பகுத்தறிவாளர்கள் இந்தச் சமூகத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் அல்லர். நம்பிக்கையாளர்களைப் போலவே அவர்களும் இந்தச் சமூகத்தைக் கட்டியவர்கள்.

முதல் படி: உங்கள் கேள்விக்கு விடை வேண்டுமா என்று பாருங்கள்

ஒரு கதை நெருடலாக இருக்கும்போது மனத்தில் எழுவதெல்லாம் கேள்வி அல்ல. சில, கேள்வியின் வடிவில் வரும் தீர்ப்புகள். "இந்தக் காலத்திலும் இதையெல்லாம் நம்புகிறீர்களா?" என்பதற்கு யாராலும் விடை சொல்ல இயலாது, ஆம் என்றால் அறிவில்லாதவர், இல்லை என்றால் நம்பிக்கையில்லாதவர் என்று இரண்டு பக்கமும் அதில் அடைப்பு இருக்கிறது. நீங்கள் எதிர்பாராத ஒரு விடையை அவர் சொன்னால் அதை ஏற்றோ மறுத்தோ மேலும் யோசிக்க ஆயத்தமாக இருக்கிறீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். ஆயத்தமில்லை என்றால், உங்களிடம் இருப்பது கருத்து. கருத்து வைத்திருப்பதிலும் தவறில்லை. அதைக் கருத்தாகவே, உங்கள் பெயரில், கேட்க விரும்புகிறவரிடம் சொல்லுங்கள். கேள்வியைப் போல வேடமிட்டு வரும் கருத்துதான் பெரும்பாலும் மனத்தைக் காயப்படுத்துகிறது.

இரண்டாம் படி: உங்கள் கேள்வியை அந்தச் சமயத்துக்குள்ளேயே தேடுங்கள்

எல்லாப் படிகளிலும் இதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். ஒரு கதையைக் கேட்டதும் உங்களுக்குத் தோன்றும் நெருடல், அந்தச் சமயத்தில் ஊறியவர்களுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தோன்றியிருக்கும். அவர்கள் அதைக் கேட்டிருப்பார்கள், எழுதியிருப்பார்கள், பல நேரங்களில் அந்தக் கதைக்குள்ளேயே வைத்திருப்பார்கள். அதைக் கண்டுபிடித்துவிட்டுப் பேசப் போகிறவருக்குக் கிடைக்கும் வரவேற்பே வேறு.

நாம் நன்கறிந்த இடத்திலிருந்து தொடங்கலாம். இராமன் மறைந்து நின்று வாலியின் மேல் அம்பு எய்தது முறையா என்ற கேள்வியை இன்று ஒருவர் இராம பக்தரிடம் கேட்டால் அது நிந்தனையாகத் தோன்றக்கூடும். ஆனால் அந்தக் கேள்வியை முதலில் கேட்டவன் வாலியே. கம்பன் அவன் வாயில் அடுக்கடுக்காக வைத்த கேள்விகள் கூர்மையானவை; இராமனும் இலக்குவனும் சொல்லும் விடைகள் போதுமா என்று பட்டிமன்றங்கள் இன்றும் வாதிடுகின்றன, அவற்றில் பேசுவோர் பலர் பக்தர்களே. சீதையை இராவணன் தொட்டுத் தூக்கிச் சென்றான் என்று வால்மீகி சொல்ல, கம்பனோ பர்ணசாலையோடு நிலத்தையே பெயர்த்து எடுத்துச் சென்றான் என்று மாற்றிவிட்டான். கதையின் ஓரிடம் தனக்கு ஒவ்வவில்லை என்றால் ஒரு பெருங்கவி அதை மாற்றியே பாடலாம் என்று ஏற்றுக்கொண்ட சமூகம், கேள்விக்கு அஞ்சும் சமூகமாக இருக்க முடியாது. ஆகவே "மறைந்து நின்று கொன்றவரைக் கும்பிடலாமா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "வாலி கேட்டதற்கு இராமன் தரப்பில் சொல்லும் விடைகளில் எது உங்களுக்கு நிறைவாக இருக்கிறது, அங்கிள்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

தீபாவளிக்குச் சில நாள்களுக்கு முன் ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் நடைபெறும் தீமிதித் திருவிழாவும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதற்கு முந்தைய வாரங்களில் மகாபாரத நிகழ்வுகள் அங்கே சடங்காக நிகழ்த்தப்படுகின்றன. திரௌபதி அங்கே தெய்வம். போர் முடிந்தபின் அவள் தீயில் நடந்தாள் என்பது கூத்திலும் வழிபாட்டிலும் வளர்ந்த வழக்கு. வியாசர் பாரதத்தில் அது இல்லை. இதைப் படித்துத் தெரிந்துகொண்ட புதியவர்களுக்கு, "மூல நூலில் இல்லாததை ஏன் செய்கிறீர்கள்?" என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வி ஒரு நூலை மட்டும் சான்றாக வைத்துக்கொண்டு, நூலுக்கு வெளியே வாழையடி வாழையாக வந்த வழிபாட்டைக் குறைத்து மதிப்பிடுகிறது. "திரௌபதி தீயில் நடந்த கதையை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வார்கள், அண்ணே?" என்பது அதே இடத்தைத்தான் தொடுகிறது, ஆனால் இப்போது அவர் வழிவழியாக அறிந்ததைச் சொல்ல வழி பிறக்கிறது.

முஸ்லிம் நண்பரிடம் பலருக்கும் கேட்கத் தோன்றுவது, ஒரு தந்தை மகனையே பலியிட எப்படித் துணிந்தார் என்பதாகும். ஹஜ்ஜுப் பெருநாளின் தியாகம் இப்ராஹீம் நபியின் அந்த நிகழ்வைத்தான் நினைவுகூர்கிறது. குர்ஆனில் அந்தத் தந்தை தாம் கண்ட கனவைச் சொல்லி, "நீ என்ன கருதுகிறாய்?" என்று மகனிடமே கேட்கிறார்; மகன் இசைகிறார். இதை அறிந்துகொண்டு, "மகனிடம் கேட்டது ஏன் முக்கியமாகக் கருதப்படுகிறது, பாய்?" என்று தொடங்கினால் உரையாடல் ஆழமான இடத்துக்குப் போகும். அதே இப்ராஹீம் நபி, இறந்தவர்களை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று காட்டுமாறு இறைவனிடம் வேண்டுவதும், நம்பவில்லையா என்று இறைவன் கேட்க, நம்புகிறேன், ஆனாலும் என் உள்ளம் அமைதி பெறுவதற்காக என்று விடை சொல்வதும் குர்ஆனில் இருக்கின்றன. நம்பிக்கை உள்ளவரே மன அமைதிக்காகக் கேட்கிறார் என்பதைவிடக் கேள்விக்கு உயர்ந்த இடம் வேறென்ன வேண்டும்? இங்கே ஓர் எச்சரிக்கை: பைபிளில் பலிக்கு அழைத்துச் செல்லப்படும் மகன் ஈசாக்கு, குர்ஆன் அந்த இடத்தில் மகனின் பெயரைச் சொல்வதில்லை, இஸ்மாயீல் என்பதே முஸ்லிம்களிடம் பரவலான கருத்து. இருவரும் இருக்கும் இடத்தில் "எது சரி?" என்று கேட்பது ஒருவரை மற்றவர்மேல் ஏவிவிடுவதாகும். "உங்கள் மரபில் எப்படி?" என்று தனித்தனியே கேட்பதே முறை.

கிறிஸ்துவ நண்பரிடம், நல்லவர்களுக்குத் துன்பத்தைத் தரும் கடவுள் எப்படிக் கருணையுள்ளவர் ஆவார் என்று கேட்க விரும்பினால், அதற்கு முன் யோபுவின் கதையைப் படித்துவிடுங்கள். எல்லாவற்றையும் இழந்த யோபு கடவுளிடமே வழக்காடுகிறார். ஆறுதல் சொல்ல வந்து அவரைக் கண்டித்த நண்பர்களைத்தான் முடிவில் கடவுள் கடிந்துகொள்கிறார். சீன அண்டைவீட்டாரின் ஏழாம் மாதப் படையலைப் பார்த்து, "செத்தவர்கள் வந்து சாப்பிடுவார்களா?" என்று கேட்க நினைப்பவர்களுக்கும் அவர்களுடைய கதையே முந்திக்கொண்டு விடை வைத்திருக்கிறது. புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர் பசித்த ஆவியாக அலையும் தம் தாய்க்கு உணவு கொடுக்க, அது அவள் வாய்க்குப் போகுமுன் நெருப்பாகிவிடுகிறது. துறவியர் கூட்டத்துக்குக் கொடையளிக்கும்படி புத்தர் வழிகாட்டுகிறார். நேரே கொடுத்தால் போய்ச் சேராது என்பதை அந்தக் கதையே சொல்கிறது. அப்படியானால் போய்ச் சேர்வது எது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

மூன்றாம் படி: கதைக்கு அவர் கொடுக்கும் இடத்தை அறியுங்கள்

எல்லாச் சமயத்தாரும் கதையை ஒரே இடத்தில் வைப்பதில்லை. தலபுராணத்தை நடந்த வரலாறாக நம்பும் இந்துக்களும் இருக்கிறார்கள், தத்துவத்தின் உருவகமாகக் கொள்வோரும் இருக்கிறார்கள். இருவரும் ஒரே வீட்டில் இருப்பதும் உண்டு. நபிமார்களின் வரலாறு முஸ்லிம்களுக்கு இறைவாக்கின் பகுதி; அதைப் "புராணம்", "கட்டுக்கதை" என்று குறிப்பிட்டாலே பேச்சு முடிந்துவிடும். உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டது என்பதைச் சொல்லுக்குச் சொல் ஏற்கும் கிறிஸ்துவர்களும் உண்டு, அப்படிக் கொள்ளத் தேவையில்லை என்பவர்களும் உண்டு. எனவே உங்கள் முதல் கேள்வி, "இதை நீங்கள் நடந்ததாகக் கொள்கிறீர்களா, உட்பொருளுக்காகப் போற்றுகிறீர்களா?" என்பதாக இருப்பது நல்லது. அவர் சொல்லும் விடை, அடுத்து எந்த வழியில் கேட்கலாம் என்பதைக் காட்டிவிடும்.

நான்காம் படி: ஆள், இடம், நேரம்

வழிபாட்டுக்கு வந்தவரை வழிபாட்டின் நடுவில் கேட்காதீர்கள். காவடி எடுத்திருப்பவரிடமும், நோன்பு துறக்கக் காத்திருப்பவரிடமும், இறப்பு நிகழ்ந்த வீட்டில் இருப்பவரிடமும் எந்தக் கேள்வியும் கேள்வியாகப் போய்ச் சேராது. மேலதிகாரி தம் கீழ் வேலை செய்பவரிடம் அவருடைய சமயக் கதையைப் பற்றிக் கேட்பதையும் நான் ஏற்கமாட்டேன். மறுத்துப் பேச முடியாத இடத்தில் இருப்பவரிடம் விடை கேட்பது நியாயமன்று. தொழிலாளர் தங்கும் விடுதிகளில் வெவ்வேறு சமயத்தார் ஒரே அறையில் படுத்து எழ வேண்டியிருக்கிறது. அங்கே பலர் முன்னிலையில் ஒருவரைத் தனிமைப்படுத்திக் கேட்டால், கேட்டவர் மறந்துபோனாலும் அவர் அந்த அறையிலேயே இருந்தாக வேண்டும். தனியே, ஓய்வாக, தேநீர் குடிக்கும் வேளையில் கேளுங்கள். "கேட்கலாமா?" என்று முதலில் அனுமதி பெறுங்கள். அவர் வேண்டாம் என்றால் அதுவே விடை.

கதையை நன்கு அறிந்தவரிடம் கேட்பதும் மரியாதையே. பள்ளிவாசலில் இமாமையோ தேவாலயத்தில் பாதிரியாரையோ கோயிலில் குருக்களையோ தொழுகையும் பூசையும் முடிந்தபின் அணுகினால் பெரும்பாலும் மகிழ்ந்து பேசுவார்கள். வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் சீனர்கள் வழிபடும் கருணைத் தெய்வமான குவான் இம்மின் கோயிலும் அருகருகே இருக்கின்றன. கிருஷ்ணன் கோயில் வாசலில் சீனர்கள் ஊதுபத்தி ஏற்றி வணங்குவதைக் காணலாம். பிற சமயக் கதையைக் கேட்டுப் பழக அந்தத் தெருவைவிட எளிதான இடத்தை நான் அறியேன்.

ஐந்தாம் படி: எழுத்தில் வரும்போது

நேரில் கேட்ட கேள்வியில் முகம் இருக்கும், குரல் இருக்கும். வாட்ஸ்அப் குழுவில் எழுதிய அதே வாக்கியத்தில் இரண்டும் இருக்காது. நண்பருக்காக எழுதியதை அறிமுகமில்லாத நூறு பேர் படிக்கக்கூடும். ஆகவே எழுதும்போது, ஏன் கேட்கிறீர்கள் என்பதை ஒரு வரியில் முன்னே சொல்லுங்கள். கதையை எங்கே படித்தீர்கள் என்று குறிப்பிடுங்கள். கேலிப்படமும் சிரிப்புக் குறியும் சேர்க்காதீர்கள். பிறர் அனுப்பியதை முன்னனுப்புவது கேள்வி கேட்பதில் சேராது. அதை அறவே தவிர்த்துவிடலாம்.

சட்டம் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. 1990இல் நிறைவேறிய சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டு, திருத்தங்கள் 2022 நவம்பரில் நடப்புக்கு வந்தன. சமயத்தின் பேரால் வன்முறையைத் தூண்டுவது, பகைமையை வளர்ப்பது, பிறர் சமய உணர்வைப் புண்படுத்துவது ஆகியவற்றை அது குற்றமாக்குகிறது. சாதாரண மக்களைப் பொறுத்தவரை, தெரிந்தே செய்த செயலாகவும் பொது அமைதிக்கு ஊறு விளைவிக்கக்கூடியதாகவும் இருந்தால்தான் பிற சமயத்தை இழிவுபடுத்துவது குற்றமாகும். சமயத் தலைவர்களுக்கு அளவுகோல் இன்னும் கடுமையானது. விளக்கம் கேட்கும் கேள்விக்கும் சட்டம் குறிவைக்கும் பேச்சுக்கும் இடையே இருக்கும் தொலைவை இதிலிருந்து உணரலாம். இது சட்ட ஆலோசனை அன்று. ஐயமிருந்தால் வழக்கறிஞரைக் கேட்க வேண்டும்.

வெளிநாட்டவர்கள் ஒன்றைக் கூடுதலாக நினைவில் வைக்க வேண்டும். 2017இல், இந்தியாவிலிருந்து வந்து இங்கே பணியாற்றிய ஓர் இமாம், யூதர்களுக்கும் கிறிஸ்துவர்களுக்கும் எதிராகத் துணைபுரியுமாறு வேண்டும் வாசகத்தைத் தொழுகையுரையில் சொன்னதற்காக 4,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். சொந்த ஊரில் வழக்கமாகச் சொல்லிவந்த வாசகம் என்பது இங்கே காரணமாக ஏற்கப்படாது.

உங்கள் கதையைப் பிறர் கேட்கும்போது

பிள்ளையாருக்கு யானைத்தலை ஏன் என்று ஒரு சீன நண்பர் சிரித்துக்கொண்டே கேட்டால், அந்தச் சிரிப்பு கூச்சத்தில் வந்ததாகவும் இருக்கலாம். முதல் முறை அதை உண்மையான கேள்வியாகவே எடுத்துக்கொண்டு விடை சொல்லுங்கள். விடை தெரியாவிட்டால், "எனக்குச் சரியாகத் தெரியவில்லை, அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்பதில் சிறுமை ஏதுமில்லை. மீண்டும் மீண்டும் ஏளனம் தொடர்ந்தால், "இந்தப் பேச்சு எனக்கு வருத்தமளிக்கிறது, வேறு பேசலாம்" என்று அமைதியாகச் சொல்லி நிறுத்துங்கள். வீட்டுக்குள் உங்கள் பிள்ளையே நம்பிக்கையைக் கேள்வி கேட்கும்போதும் இதே பொறுமை வேண்டும். சமயம் சாராதவர்கள் ஐந்தில் ஒருவராக இருக்கும் நாட்டில், அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டிலும் வளரக்கூடும். அவருடைய நேர்மையும் புண்படக்கூடியதே.

தவறிப் போனால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருவர் மனம் நோகலாம். அப்போது, "நான் சாதாரணமாகத்தான் கேட்டேன்" என்று விளக்கத் தொடங்காதீர்கள். உடனே, நேரில், சுருக்கமாக மன்னிப்புக் கேளுங்கள். எழுதியிருந்தால் நீக்கிவிட்டு, நீக்கியதை அங்கேயே சொல்லுங்கள். பெரியவராக இருந்தால் அவர் மதிக்கும் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நம்மிடையே உள்ள நல்ல வழக்கம். சச்சரவு பெரிதாகும் எனத் தோன்றினால், தொகுதிதோறும் இயங்கும் இன, சமய நல்லிணக்க வட்டங்களைச் சமூக மன்றத்தின் வழியாக அணுகலாம். மேற்சொன்ன சட்டமும், தவறு செய்தவர் மன்னிப்புக் கேட்டு, பாதிக்கப்பட்ட சமயத்தாரைப் பற்றி அறிந்துகொள்ளத் தாமாக முன்வருவதற்கு ஒரு சமூக வழிமுறையை வகுத்திருக்கிறது. நோக வைத்த கேள்வி உங்களுக்கு இன்னும் முக்கியமானதாக இருந்தால், அதே நபரிடம் திரும்பப் போகாதீர்கள். அந்தச் சமயத்தில் அதை ஏற்கெனவே எழுதியவர் யார் என்று நூலகத்தில் தேடத் தொடங்குங்கள்.